முதலுக்கு முந்தியது

கோலாலம்பூரை அடுத்த கம்போங் மேடான் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்துப் பொது மண்டபங்களில், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், தொழில்முனைவோர் பயிற்சி என்ற பெயரால் நம் இளைஞர்களுக்கு நடத்தப்பெறும் கூட்டங்கள் சிலவற்றில் நான் கடைசி வரிசையில் அமர்ந்து முற்பகல் முழுவதும் கேட்டிருக்கிறேன். பேசுகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனத்தோடும் உண்மையான சிரத்தையோடும் பேசுகிறார்கள். அவர்களிற் சிலர் தாமே சிறுதொழில் நடத்தி முன்னுக்கு வந்தவர்கள். ஆயினும் எவர் பேசினாலும் அப்பேச்சு ஏறக்குறைய ஒரே கிரமத்திற் செல்கின்றது. அச்சத்தை விடு என்பது முதற்படி. ஒரு பெருஞ்செல்வரின் கதை இரண்டாம் படி. தொழிலைப் பதிவு செய்யும் முறை மூன்றாம் படி. கடன் மனு நான்காம் படி. அதன்பின் மீஹூனும் தேநீரும் வருவதற்குச் சற்று முன்னால், கேள்விகள் உண்டா என்று அவைத் தலைவர் கேட்க, பின்வரிசையிலிருந்து எழுந்து நிற்கும் பிள்ளை கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “எனக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்?”

அந்தக் கேள்வியைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பேச்சு முழுவதும் அந்த இடத்துக்கே அவனை அழைத்து வந்திருக்கும்போது அவன் வேறு எதைக் கேட்பான்? குறை, கேள்வியிலன்று, உபதேசத்தின் கிரமத்தில் இருக்கின்றது என்பது என் அபிப்பிராயம். நம் மொழியில் முதல் என்னும் சொல் தொடக்கத்தையும் குறிக்கும், வியாபாரத்தில் இடும் பணத்தையும் குறிக்கும். இவ்விரு பொருளையும் ஒன்றாகவே கொண்டு, பணமே தொடக்கம் என்று நாம் பிள்ளைகளுக்குப் போதித்து வருகிறோம். அப்படிப் போதிப்பதனால் விளைந்த நன்மை எவ்வளவு, தீமை எவ்வளவு என்று பட்சபாதமின்றி ஆராய்ந்து பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

கேட்கிறவர்கள் யார் என்பதை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். கம்போங் மேடானிலும் அதைச் சூழ்ந்த டேசா மெந்தாரி முதலிய குடியிருப்புகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் மூதாதையர் ரப்பர்த் தோட்டங்களிற் பால்மரம் வெட்டியவர்கள். நாடு சுதந்திரம் அடைந்த காலத்தையொட்டி வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியதும், பின்னர்க் கிள்ளான் பள்ளத்தாக்கில் எஞ்சிய தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்குமாக மாறியதும், வேலையோடு வீட்டையும் சேர்த்து இழந்த மக்கள் பட்டணத்தின் ஓரத்துப் புறம்போக்கு நிலங்களிற் பலகை வீடுகள் கட்டிக் குடியேறினார்கள். அந்தக் கம்பத்து வீடுகளும் உடைக்கப்பட்ட பின் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். தோட்டத்திலே வேலையும் வீடும் பள்ளியும் கோயிலும் நிர்வாகத்தின் எல்லைக்குள்ளேயே இருந்தன. மாதக் கடைசியில் கையில் வாங்கும் சம்பளம் ஒன்றுதான் அவர்களுக்குத் தெரிந்த வரவு. ஆகவே வியாபாரம் என்பது அம்மக்களுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே அறிமுகமாயிற்று. மளிகைக் கடைக்காரர் ‘555’ என்று அட்டையில் அச்சிட்ட சின்னஞ்சிறு புத்தகத்தில் அரிசியையும் பருப்பையும் கடனாக எழுதுவார். சம்பள நாளில் அது தீரும், அல்லது தீராமல் அடுத்த புத்தகத்துக்கு ஏறும். அந்தப் புத்தகத்தின் கடன்காரர் பக்கத்தை மூன்று தலைமுறையாக நம்மவர் நன்கறிவர். அதைக் கையில் வைத்து எழுதியவரின் பக்கத்தை அறிந்தவர் வெகு சிலரே. இது புத்திக் குறைவன்று, பரிச்சயக் குறைவு. பரிச்சயக் குறைவுக்கு மருந்து பரிச்சயமேயன்றி, பணமாகாது.

இனி, நடைமுறையில் உள்ள உபதேசத்தின் நன்மைகளை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்யத் தூண்டுவது அவற்றுள் தலையாயது. 1956-ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டத்தின்படி, தொழில் தொடங்கிய முப்பது நாளைக்குள் அதை எஸ்.எஸ்.எம். என்று நாம் சுருக்கி வழங்கும் நிறுவன ஆணையத்திற் பதிந்துகொள்ள வேண்டும்; தன் சொந்தப் பெயரில் நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயர் ஒன்று வைத்தால் 60 வெள்ளி. இவ்வளவு சொற்பமான செலவில் ஒருவன் சட்டத்தின் கண்ணில் வியாபாரி ஆகிவிடலாம் என்பது நம் குடும்பங்கள் பலவற்றுக்கு நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. தெரியாமையின் விலை 2020-ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது வெளிப்பட்டது. அரசாங்கம் குறுந்தொழில்களுக்கு 3,000 வெள்ளி சிறப்பு மானியம் வழங்கியபோது அது பதிவு பெற்றவர்களுக்கே சென்றது. ஆண்டாண்டு காலமாக வீட்டிற் பலகாரம் செய்து விற்றவர்களும், பூமாலை கட்டி விற்றவர்களும், தங்கள் தொழிலுக்கு ஒரு தாளும் இல்லாத காரணத்தால் வெளியே நிற்க நேர்ந்தது. அதற்குப் பின் பதிவின் அவசியத்தை ஊருக்கு ஊர் எடுத்துச் சொன்னவர்கள் இந்தப் பயிற்சிக் கூட்டத்தாரே. அதுபோலவே, 1998-இல் நிறுவப்பட்ட தெக்குன் நேஷனலின் கீழ் இந்திய சமூகத்துக்கென நடைபெறும் ஸ்பூமித் திட்டம், ஜாமீனுக்குச் சொத்தில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கும் கடன் தருகின்றது. வங்கியின் வாசற்படியை மிதிக்கவும் கூசிய தலைமுறைக்கு இது ஒரு பெரிய மாறுதல் என்பதில் சந்தேகமில்லை. வீட்டுக் கதவைச் சிவப்புச் சாயத்தால் நனைத்துவிட்டுப் போகும் ஆலோங் என்னும் சட்டவிரோத வட்டிக்காரனிடமிருந்து ஒரு குடும்பத்தையேனும் அத்தகைய கடன் காப்பாற்றியிருக்குமானால், அதற்கு நாம் நன்றி பாராட்டவே வேண்டும்.

இவ்வளவும் உண்மையாயிருக்க, குறை எங்கே? முதற்குறை, உதாரண புருஷராக எவரை எடுத்துக் காட்டுகிறோம் என்பதில் இருக்கின்றது. கூட்டங்களில் அதிகமாகக் கேட்கும் பெயர் ஆனந்த கிருஷ்ணனுடையது. 1938-இல் பிரிக்பீல்ட்ஸிற் பிறந்து, அங்கேயே விவேகானந்தா தமிழ்ப்பள்ளியிற் படித்து, ஆஸ்ட்ரோ தொலைக்காட்சியையும் மேக்சிஸ் தொலைபேசியையும் உண்டாக்கி, 2024 நவம்பரில் மறைந்த அப்பெருமகனாரின் வாழ்க்கை எந்தத் தமிழனுக்கும் பெருமை தருவது. ஆனால் தமிழ்ப்பள்ளிக்கும் தொலைபேசிக்கும் இடையே உள்ளவற்றை நம் பேச்சாளர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். விக்டோரியா கல்விக்கூடம், கொழும்புத் திட்ட உபகாரச் சம்பளத்தில் மெல்பர்ன் பல்கலைக்கழகம், 1964-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டம் ஆகியவை இடையில் இருக்கின்றன. தொடங்கிய இடத்தையும் முடிந்த இடத்தையும் மட்டும் காட்டி நடுவழியை மறைத்துவிட்டால், கேட்கிற பிள்ளைக்குத் துணிவு ஒன்றே போதும் போலும் என்னும் பிரமை உண்டாகின்றது; தன் கடை ஆறு மாதத்தில் மூடப்படும்போது, தனக்குத் துணிவு போதவில்லை என்று தன்னையே அவன் நொந்துகொள்கிறான். இவ்வாறு மனமுடைந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்; அவர்களுக்குத் துணிவு நிறையவே இருந்தது.

அவர்களுக்கு இல்லாதிருந்தது என்ன என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஓர் இளைஞன் 10,000 வெள்ளி கடன் பெற்றுக் காலைச் சிற்றுண்டிக்கு ஓர் ஒட்டுக்கடை வைக்கிறான் என்று கொள்வோம். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு. தவணைக் காலம் ஐந்தாண்டு. நூற்றுக்கு நான்கு என்றவுடன் காதுக்கு இலேசாக இருக்கின்றது. ஆனால் அந்த வட்டி, மாதாமாதம் குறைந்து வரும் பாக்கிக்கன்றி, தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கே ஐந்தாண்டும் கணக்கிடப்படும் முறையாயின், வட்டி மட்டும் 2,000 வெள்ளி. ஆக 12,000 வெள்ளியை மாதம் 200 வெள்ளி வீதம் அறுபது மாதம் கட்ட வேண்டும். ஐந்தாம் ஆண்டின் தொடக்கத்தில் அவன் பாக்கி 2,300 வெள்ளி அளவே இருக்க, அப்போதும் அவன் 10,000 வெள்ளிக்கு உரிய வட்டியையே செலுத்துகிறான். பாக்கி குறைவதற்கேற்பக் கணக்கிட்டுப் பார்த்தால் அந்த நான்கு வீதம் உண்மையில் ஏறத்தாழ ஏழரை வீதமாகும். இதுவும் கொடிய வட்டியன்று. 1951-ஆம் ஆண்டின் வட்டிக் கடைச் சட்டம் ஈடில்லாக் கடனுக்கு அனுமதிக்கும் உச்ச வரம்பு ஆண்டுக்கு 18 வீதம். என் வருத்தம் வட்டி அதிகம் என்பதன்று. இரண்டு வட்டி முறைகளுக்கும் உள்ள பேதத்தை, கையெழுத்திடுவதற்கு முன் அந்தப் பிள்ளைக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார் இல்லையே என்பதுதான்.

மேலே செல்வோம். ஒரு பொட்டலம் நாசி லெமாக்கில் எல்லாச் செலவும் போக அவனுக்கு 50 காசு நிற்கின்றது என்றும், மாதத்தில் 25 நாள் கடை திறக்கிறான் என்றும் வைத்துக்கொண்டால், நாளொன்றுக்குப் பதினாறு பொட்டலம் விற்பது கடன் தவணைக்கே சரியாகிவிடும். பதினேழாவது பொட்டலத்திலிருந்துதான் அவன் தனக்காக விற்கத் தொடங்குகிறான். காலை நாலு மணிக்கு எழுந்து, தேங்காய்ப் பால் பிழிந்து, சம்பல் கிண்டி, அவன் அரும்பாடுபட்டு, தவணை கட்டுவதற்கு முன் மாதம் 1,900 வெள்ளி மிச்சம் பிடிக்கிறான் என்று கொள்வோம். கேட்பவர் அனைவரும் அதை லாபம் என்பர். அவனும் அப்படியே நம்புகிறான். தவணை 200 வெள்ளி போக நிற்பது 1,700. இந்த நாட்டில் 2025-ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதாவது, வேறொருவர் கடையில் நின்றிருந்தாலும் அதே தொகை அவனுக்குச் சம்பளமாக வந்திருக்கும். அதற்கும் மேலாக, முதலாளி தம் பங்காக ஊழியர் சேமநிதியில் நூற்றுக்கு 13 வீதம், 221 வெள்ளி, அவன் பெயரில் மாதந்தோறும் போட்டிருப்பார். சொந்தக் கடையில் அதைப் போடுவார் எவருமில்லை. ஆகவே லாபம் என்று அவன் எண்ணிய அந்த மாதத்தில், அவன் உண்மையில் 221 வெள்ளி பின்தங்கியிருக்கிறான்.

இக்கணக்கைக் காட்டிக் கடை வைக்காதே என்று தடுப்பது என் கருத்தன்று. சம்பளம் ஓரளவுக்கு மேல் ஏறாது, கடை ஏறக்கூடும். ஒருவன் கடை, பின்னாளில் அவன் தம்பிக்கும் தங்கைக்கும் வேலை தரக்கூடும். பிறரிடம் கைகட்டி நிற்காமல் உழைப்பதில் ஒரு மனநிறைவும் உண்டு. அவற்றுக்காக மாதம் 221 வெள்ளியை விட்டுக்கொடுக்க ஒருவன் இசைவானாயின், அது நல்ல தீர்மானமே. ஆனால் விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அறிந்து விட்டுக்கொடுப்பது வேறு, அறியாமல் இழப்பது வேறு. தன் கூலியையும் ஒரு செலவாகத் தன் ஏட்டில் எழுதத் தெரிந்தவன்தான் எப்போது கடையை விரிவாக்கலாம், எப்போது மூடிவிடலாம் என்று தானே முடிவு செய்யக் கூடியவன். சொந்தத் தொழில் செய்வோர்க்கென 2017-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று வந்திருக்கின்றது. சேமநிதியில் அவர்கள் தாமாகப் பணம் போடவும் வழி இருக்கின்றது. இவற்றுக்கான தொகையையும் பொட்டலத்தின் விலையிலேயே சேர்க்க வேண்டும் என்பது, நான் கேட்ட கூட்டங்களில் ஒன்றிலேனும் சொல்லப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

கடன் எழுதும் 555 புத்தகத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அடுக்குமாடி வாழ்க்கையில் கடைக்கு முதலில் வருகிறவர்கள் உறவினரும், மேல்மாடிக்காரரும், உடன் படித்தவர்களுந்தான். “மாமா அப்புறம் தர்றேன்டா” என்று சொல்லும் மாமாவிடம் மருமகன் எப்படிக் காசு கேட்பான்? இந்தத் தர்மசங்கடத்தில் அழிந்த கடைகள், வட்டியில் அழிந்த கடைகளைக் காட்டிலும் குறைவல்ல என்று நான் நினைக்கிறேன். யாருக்கு எவ்வளவு, எத்தனை நாளைக்கு, எந்தச் சொல்லால் மறுப்பது, மறுத்தபின்னும் மாமா மாமாவாகவே இருக்கும்படி எப்படிப் பேசுவது என்னும் இந்தக் கலையை மண்டபத்தில் நாற்காலி போட்டுக் கற்பிக்க இயலாது. ஒரு கடையில், அனுபவசாலியான ஒருவர் அதைத் தினமும் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அது வரும்.

இந்த இடத்தில், நம் இனத்திலேயே ஒரு பகுதியார் ஒரு நூற்றாண்டுக்கு முன் கோலாலம்பூரில் நடத்திக் காட்டிய முறை ஒன்றை நினைவுகூர்வது பொருத்தமாகும். லெபோ அம்பாங்கில் நகரத்தார் வைத்திருந்த கிட்டங்கிகளில், நீண்ட கூடத்தின் இருபுறமும் ஆளுக்கொரு பெட்டியை முன்னே வைத்துக்கொண்டு, பாயில் அமர்ந்து பல கடைகள் ஒரே கூரையின் கீழ் லேவாதேவி நடத்தின. செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி வந்த சிறுவன் வந்தவுடன் கடன் கொடுக்க உட்கார்ந்துவிடவில்லை. பெட்டியடிப் பையன் என்ற பெயரோடு ஏவிய வேலைகளைச் செய்துகொண்டு அவன் தொடங்குவான். கணக்கு எழுதப் பழகி அடுத்தாள் ஆவான். அங்கிருந்து மேலாளாக உயர்ந்து, நம்பிக்கைக்குப் பாத்திரமானவன் என்று தெரிந்தபின், மூன்றாண்டுக் கணக்குக்கு முதலாளியின் பிரதிநிதியாக நியமிக்கப்படுவான். அவனுக்கென்று சொந்த முதல் சேர்வது இவ்வளவுக்கும் பிறகே. பேரேடும் ஐந்தொகையும் அவனுக்கு ஏட்டுப் பாடமாக வரவில்லை. அன்றைய கணக்கு அன்றே நேராகும் வரை கிட்டங்கியில் தூக்கமில்லை என்ற ஒழுங்கினால் வந்தன. எல்லாவற்றினும் மேலாக நான் மதிப்பது ஒன்றுண்டு: அந்தப் பையன் கற்றுக்கொள்ளும் காலத்திற் செய்த பிழைகளின் நஷ்டத்தை முதலாளி தாங்கினார். இன்று நாம் கடனும் கொடுத்துத் தனியே அனுப்பும் பிள்ளை, கற்கும் காலத்துப் பிழைகளின் நஷ்டம் முழுவதையும், பத்தொன்பது இருபது வயதில், தன் தலையிலேயே சுமக்கிறான். தனிமனித வணிகமாகப் பதிந்த தொழிலில் கடைக் கடன் வேறு, சொந்தக் கடன் வேறு என்ற பிரிவினை சட்டத்தில் இல்லை என்பதும் அப்போதுதான் அவனுக்குத் தெரிய வருகின்றது.

செட்டிநாட்டு முறையைப் புகழ்ந்து அதன் தோஷங்களை மறைப்பது நேர்மையாகாது. அந்தக் கதவு ஒரு சாதியாருக்கு மட்டுமே திறந்திருந்தது. பால்மரக் காட்டிலிருந்த தமிழனின் மகன் அந்தக் கிட்டங்கிக்குள் அடுத்தாளாக நுழைந்திருக்க முடியாது. எந்தச் சாதிப் பெண்ணும் நுழைந்திருக்க முடியாது. நகரத்தார் கொடுத்த கடனால் ஈயச் சுரங்கமும் தோட்டமும் பெருகின என்பது எவ்வளவு உண்மையோ, அவ்வளவு உண்மை, குடியானவர்களின் நிலம் கடனுக்குப் போயிற்று என்பதும். மலாய்க்காரர் நிலம் பிறர் கைக்கு மாறாதிருக்க 1913-இல் நில ஒதுக்கீட்டுச் சட்டம் பிறந்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சரித்திர ஆசிரியர் கூறுவர். பழகும் காலம் என்ற பெயரில் குறைந்த கூலிக்கு நெடுநேரம் வேலை வாங்கும் கொடுமைக்கும் இத்தகைய முறை எளிதில் இடங்கொடுக்கும். ஆகையால் அந்தக் கிட்டங்கியை அப்படியே மீட்டெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பணத்துக்கு முன் பழக்கம் என்ற அதன் கிரமத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் மூடிய கதவை விட்டுவிடலாம் என்கிறேன். அந்தக் கிரமம் நகரத்தார்க்கு மட்டும் உரியதும் அன்று. கோலாலம்பூரின் ஆரம்ப நாட்களிற் பெருந்தனவந்தராக விளங்கிய தம்புசாமிப் பிள்ளை, ராவாங்கில் லோக் யூவோடு கூடி ஈயச் சுரங்கம் நடத்துவதற்கு முன், டேவிட்சன் என்ற வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்தவர். 1875-இல் அந்த டேவிட்சன் சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்தபோது உடன்வந்து அரசாங்கக் கஜானாவிற் கணக்கு எழுதியவர்.

பணத்தைத் திரட்டுவதிலும் நம்மவர்க்கு ஒரு நல்ல முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் தெருவில் நின்ற காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தோட்டந்தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ளும்படி தொழிலாளர்களை வேண்டினார். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அவர் அம்மக்களுக்குச் சொன்ன யோசனையின் அளவைக் கவனிக்க வேண்டும். கோடீஸ்வரன் ஆகு என்று அவர் சொல்லவில்லை. இந்த மாதம் பத்து வெள்ளி என்றார். கேட்டவன் அன்று மாலையே செய்யக் கூடியதும், செய்தானா இல்லையா என்று அடுத்த மாதம் சரிபார்க்கக் கூடியதுமான உபதேசம் அது. நம் மண்டபத்து உபதேசங்களுள் அத்தகையது எத்தனை?

கூட்டுப் பணத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்துப் பேர் மாதாமாதம் ஒரு தொகை போட்டு, ஏலத்தாலோ சீட்டுக் குலுக்கியோ ஒருவர் எடுத்துக்கொள்ளும் அந்தப் பழக்கத்தில் சேமிப்பின் ஒழுங்கும் அண்டை அயலாரின் நம்பிக்கையும் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். நம் தாய்மார்கள் பலர் தாலிச் சங்கிலியை மீட்டதும் அதனால்தான். ஆனால் 1971-ஆம் ஆண்டு முதல் கூட்டுப் பணம் நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதை இந்நாட்டுச் சட்டம் தடை செய்திருக்கின்றது. அந்தச் சட்டத்திலேயே ‘கூட்டு’, ‘சீட்டு’ என்னும் நம் சொற்கள் இடம்பெற்றிருக்கின்றன. நடத்துபவர் பணத்தோடு மறைந்துவிட்டால் ஏமாந்தவர் நியாயம் கேட்கும் வழி மிகவும் குறுகலானது. தொழிலின் அஸ்திவாரத்தை அதன்மேல் இடும்படி எந்த இளைஞனுக்கும் நான் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றும் உபதேசத்தில் விடுபடுகின்றது. அதைக் கம்போங் மேடானிலேயே நின்று சொல்வது அவசியம் என்று கருதுகிறேன். 2001 மார்ச் மாதத்தில் இந்த வட்டாரத்தில் மூண்ட இனக் கலவரத்தில் ஆறு உயிர்கள் பலியாயின. அவர்களிற் பெரும்பாலோர் நம்மவர். அந்த நாட்களைக் கண்டவர்கள் இன்னும் இங்கேயே வாழ்கிறார்கள். அந்தத் துயரத்துக்குப் பின் வளர்ந்த பிள்ளைகளிடம், நம்மவர் நம்மவரிடமே வாங்க வேண்டும் என்று போதிப்பது உணர்ச்சிக்கு இனிமையாயிருக்கலாம். வியாபாரத்துக்கு அது நஞ்சு. கம்போங் மேடானில் தமிழர் மட்டும் வாங்கிப் பிழைக்கும் கடை எத்தனை நாள் நிற்கும்? மலாய்க்காரரும் இந்தோனேசியரும் வெளிநாட்டுத் தொழிலாளரும் அதே மின்தூக்கியில் ஏறி இறங்குகிறார்கள். அவர்கள் எதை உண்பர், எதை உண்ணார், எந்த மாதத்தில் பகலிற் கடைக்கு வாரார், மாலையில் எந்நேரம் திரண்டு வருவர் என்பதை அறிந்தவனே அங்கே கடை நடத்த முடியும். முதல் நாள் ஐயத்தோடு வந்த அண்டை வீட்டுக்காரர் நூறாவது நாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சில்லறை கேட்கிறார். அந்த நூறு நாளில் நடப்பது வியாபாரம் மட்டும் அன்று என்பது என் உறுதியான நம்பிக்கை. பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் பக்கத்துப் பந்தலில் நிற்கும் மலாய்ப் பெண்மணியிடமோ, பழைய கிள்ளான் சாலையோரத்தில் வண்டி பழுது பார்க்கும் சீனத் தவுக்கேயிடமோ இரண்டு ஆண்டு வேலைக்கு நின்ற பிள்ளை, தொழிலோடு இதையும் கற்று வருகிறான். மண்டபத்தில் நம்மவர் நடுவே நம்மவர் பேசக் கேட்ட பிள்ளை அதைக் கற்பதில்லை.

ஒருமுறை கூட்டம் முடிந்தபின், மாடிப்படியின் கீழ் நின்று இவற்றையெல்லாம் நான் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த பெண்பிள்ளை ஒருத்தி, “சரிங்க ஐயா, ரெண்டு வருஷம் பழகிக்கிறேன்; என்னை யார் கடையில வச்சுக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாங்க?” என்று கேட்டாள். தையலில் அவளுக்கு நல்ல கை. ரவிக்கை தைத்து அடுக்குமாடியிலேயே விற்று வந்தாள். துணி எங்கே மொத்தமாக வாங்குவது, தீபாவளிக்கு எத்தனை மாதம் முன்னே வாங்குவது, விற்காத துணியை என்ன செய்வது என்பவை அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மஸ்ஜித் இந்தியாவிலும், பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளான் தெங்கு கிளானா வீதியிலும் அவளுக்கு அதைச் சொல்லித் தரக் கூடிய துணிக்கடைக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் விற்பனைக்கு நிற்கும் பெண்ணுக்கு விலையை மட்டுமே சொல்லிக் கொடுப்பதும், கொள்முதலையும் கணக்கையும் உறவினரிடம் மட்டுமே ஒப்படைப்பதும் நம் கடைகளில் இன்றும் வழக்கமாயிருக்கின்றது. தொழில் தெரிந்துகொண்டு எதிரிலேயே கடை போட்டுவிடுவாளே என்ற அச்சம் அவர்களுக்கு. அந்த அச்சத்தில் நியாயமே இல்லை என்றும் நான் சொல்லத் துணியேன். அவளுக்குப் பொருத்தமான விடை அன்று என்னிடம் இல்லை. தெரிந்த ஒரு கடைக்காரரின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் அவளை ஒரு தீபாவளிப் பருவத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வீதம் ஆறு மாதத்துக்கு 10,200 வெள்ளி ஆகின்றது. கடை வைக்கச் சொல்லி ஒரு பிள்ளைக்கு நாம் முன்பின் பழக்கமில்லாமற் கடனாகக் கொடுத்துவிடும் 10,000 வெள்ளியோடு இன்னும் 200 வெள்ளி சேர்த்தால், அந்தப் பிள்ளையை ஒரு நல்ல கடையில் கொள்முதலும் கணக்கும் பழக ஆறு மாத காலம் சம்பளத்தோடு நிறுத்தலாம். சம்பளம் வெளியிலிருந்து வருவதால் கடைக்காரருக்கும் பெரிய நஷ்டமில்லை, பழகுகிறவள் தலையில் ஐந்தாண்டுக் கடனும் இல்லை. ஸ்பூமிக்கும், பயிற்சிக் கூட்டங்களுக்கும், சங்கங்களின் தொழில் பிரிவுகளுக்கும் ஒதுக்கப்படும் பணத்தில் ஒரு பங்கை இவ்வாறு செலவிட்டுப் பார்க்கலாகாதா என்று, அந்தக் கூட்டத்தை நடத்தியவர்களுக்கு இந்தக் கணக்கையும் உடன்வைத்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். கடையில் இரண்டு பேருக்கு இடம் தர முடியுமா என்று கேட்டு, எனக்குத் தெரிந்த கடைக்காரர் மூவருக்கும் எழுதியிருக்கிறேன்.